வயிற்றைக் கலக்கும் ரசாயனம்

கப்பல் குமட்டல், கெட்டுப்போன மீனால் வரும் பேதி, நெஞ்செரிச்சல் மூன்றின் பின்னாலும் இருப்பது ஹிஸ்டமைன். ஆனால் மூன்றையும் ஒரே மாத்திரை தீர்க்காது.

ஹட் பே செல்லும் கப்பலில் பழகிய பயணியையும் புதியவரையும் சுலபமாகப் பிரித்துச் சொல்லிவிடலாம். பழகியவர் ஏறுவதற்கு முன்பே மாத்திரையை விழுங்கியிருப்பார். புதியவர் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "தேவைப்பட்டால் பார்த்துக்கொள்ளலாம்" என்று காத்திருப்பார். போர்ட் பிளேர் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) துறைமுகத்தைத் தாண்டி, தெற்கு அந்தமானின் கரை பின்னால் விலகி, கப்பல் டங்கன் கால்வாயின் திறந்த கடலுக்கு வரும்போது தேவைப்படும். ஆனால் அப்போது விழுங்கும் மாத்திரையால் பெரும்பாலும் பலனில்லை. சிறிது நேரத்தில் அதுவும் வெளியே வந்துவிடும்.

காரணம் மாத்திரையின் தரம் அல்ல. வயிறு வேலை நிறுத்தம் செய்துவிட்டது என்பதுதான் காரணம்.

சாதாரண நேரத்தில் இரைப்பையின் சுவரில் நிமிடத்துக்கு மூன்று மின் அலைகள் ஓடும். அந்தத் தாளத்துக்கு ஏற்பத் தசை சுருங்கி, உணவை அரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுகுடலுக்குள் தள்ளும். காது உணரும் ஆட்டமும் கண் பார்க்கும் காட்சியும் ஒத்துப்போகாதபோது மூளை குழம்புகிறது. தாளம் தவறுகிறது. அலைகள் தாறுமாறாக வேகம் பிடிக்கின்றன. தசையோ சுருங்க மறுக்கிறது. உணவு இரைப்பையிலேயே தங்கிவிடுகிறது. மாத்திரையும்தான். மருந்து ரத்தத்தில் சேர்வது பெரும்பாலும் சிறுகுடலில். கதவே மூடியிருக்கும்போது அது அங்கே போய்ச் சேருவது எப்படி? கப்பல் ஏறுவதற்கு அரை மணி அல்லது ஒரு மணி நேரம் முன்பே மாத்திரை போட வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

அந்த மாத்திரை எது என்று பார்த்தால் இன்னொரு வியப்பு. அவில், அவோமின் போன்ற பெயர்களில் மருந்துக் கடையில் கிடைப்பவை அடிப்படையில் அலர்ஜி மருந்துகள். உடம்பில் தடிப்பும் அரிப்பும் வந்தால் கொடுப்பவை. அரிப்புக்கான மருந்துக்கும் கப்பல் வாந்திக்கும் என்ன சம்பந்தம்?

இது 1947-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் தற்செயலாகத் தெரியவந்த சம்பந்தம். தோல் தடிப்புக்காக ஒரு புதிய ஹிஸ்டமைன் எதிர்ப்பு மருந்தைச் சாப்பிட்டுவந்த பெண் ஒருவர், டிராமில் போகும்போது எப்போதும் வரும் குமட்டல் இப்போது வருவதில்லை என்று டாக்டர்களிடம் சொன்னார். லெஸ்லி கே, பால் கார்லினர் என்ற அந்த டாக்டர்கள் அதைச் சிரித்து ஒதுக்கவில்லை. அதே ஆண்டு நவம்பரில் அட்லாண்டிக் கடலைக் கடந்த ராணுவக் கப்பல் ஒன்றில் சிப்பாய்களுக்கு அந்த மருந்தைக் கொடுத்துச் சோதித்தார்கள். பலன் தெளிவாக இருந்தது. ஒரு நோயாளியின் சாதாரணப் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டதால் கிடைத்த மருந்து அது.

ஹிஸ்டமைன் என்றாலே அலர்ஜி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். தூசியால் வரும் தும்மலும் பூச்சிக்கடி வீக்கமும் அதன் கைவரிசைகளே. ஆனால் அதன் பெரிய அரசாங்கம் இருப்பது வயிற்றில். இரைப்பையில் அமிலம் எவ்வளவு சுரக்க வேண்டும், குடல் எப்போது சுருங்க வேண்டும், எப்போது தளர வேண்டும் என்பதில் எல்லாம் அதற்குப் பங்குண்டு. மூளையிலோ அது விழிப்பையும் குமட்டலையும் கவனித்துக்கொள்கிறது.

இத்தனை இடங்களில் இத்தனை விதமான வேலைகளை ஒரே ரசாயனம் செய்வது எப்படி? சாவி ஒன்றுதான். ஆனால் பூட்டுகள் வேறு வேறு. செல்களின் மேல்பரப்பில் இருக்கும் இந்தப் பூட்டுகளை ஏற்பிகள் என்கிறார்கள். ஹிஸ்டமைனுக்கு இதுவரை நான்கு வகை ஏற்பிகள் தெரியவந்துள்ளன. அவற்றுக்கு எச்1, எச்2, எச்3, எச்4 என்று பெயர்.

முதல் பூட்டின் கதை குடலில்தான் தொடங்கியது. 1910-ல் பிரிட்டிஷ் விஞ்ஞானி ஹென்றி டேலும் அவருடைய சகா பாட்ரிக் லெய்ட்லாவும் ஹிஸ்டமைன் பட்டால் குடல் போன்ற உறுப்புகளின் தசை இறுகச் சுருங்குவதை விவரித்தார்கள். உப்புக் கரைசலில் தொங்கவிட்ட கினியா பன்றியின் குடல் துண்டு, ஹிஸ்டமைன் துளி விழுந்ததும் சுருங்கும். தலைமுறை தலைமுறையாக மருத்துவ மாணவர்கள் செய்து பார்த்த பரிசோதனை இது. 1937-ல் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் டேனியல் போவே குழுவினர் இந்தச் சுருக்கத்தைத் தடுக்கும் முதல் ரசாயனத்தைக் கண்டுபிடித்தனர். போவேக்கு 1957-ல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் ஒரு புதிர் எஞ்சியது. ஹிஸ்டமைன் இரைப்பையில் அமிலத்தையும் சுரக்க வைக்கிறது. குடலின் சுருக்கத்தைச் சுலபமாக நிறுத்திய புதிய மருந்துகள், அமிலத்தை ஒரு சொட்டுகூடக் குறைக்கவில்லை. 1966-ல் ஆஷ், ஷில்ட் என்ற இரு விஞ்ஞானிகள் குடல் தசையில் இருக்கும் பூட்டுக்கு எச்1 என்று பெயர் சூட்டினார்கள். அமிலத்தை ஆள்வது வேறொரு பூட்டாக இருக்க வேண்டும். அதைத் தேடிப் போனவர் ஜேம்ஸ் பிளாக். 1972-ல் அவருடைய குழு எச்2-வை அடையாளம் காட்டியது. 1976-ல் சிமெடிடின் விற்பனைக்கு வந்தது. அதன்பின் ரானிடிடின், ஃபாமோடிடின். பிளாக் 1988-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

தென்னிந்தியர்களுக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. சிறுகுடலின் தொடக்கத்தில் புண் வந்து, அது ஆறி, தழும்பாகி, இரைப்பையின் வாயில் சுருங்கி, சாப்பிட்டது கீழே இறங்காமல் தவித்த நோயாளிகள் நம் மருத்துவமனைகளில் ஏராளம். அறுவை சிகிச்சைதான் வழி என்றிருந்த நிலையை மாற்றியதில் எச்2 மருந்துகளுக்குப் பெரிய பங்குண்டு. இப்போது அமிலத்தை இன்னும் பலமாக அடக்கும் பான்டோபிரசோல் போன்றவை அவற்றின் இடத்தைப் பிடித்துவிட்டன. மாசு ஒன்று கலந்திருந்ததால் ரானிடிடினை 2020-ல் அமெரிக்கா சந்தையிலிருந்து விலக்கியது. 2022-ல் இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்தும் அது நீக்கப்பட்டது.

மூன்றாவது பூட்டு 1983-ல் தெரியவந்தது. எச்3 ஒரு பிரேக். குடல் சுவருக்குள் ஒரு நரம்பு வலை இருக்கிறது. அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தை வெளியிட்டுத் தசையைச் சுருங்கச் சொல்வது அந்த நரம்புகள்தான். அவற்றின் முனையில் இருக்கும் எச்3 திறந்தால் அசிட்டைல்கோலின் வருவது குறைகிறது, சுருக்கம் மட்டுப்படுகிறது. ஆக, ஒரே ஹிஸ்டமைன் ஒரு பூட்டைத் திறந்து குடலை முடுக்குகிறது. இன்னொன்றைத் திறந்து அடக்குகிறது. எந்தப் பூட்டு எங்கே எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்தே பலன் அமையும். 2000-ல் கண்டுபிடிக்கப்பட்ட எச்4 முக்கியமாக நோய் எதிர்ப்பு செல்களில் இருக்கிறது. குடல் அழற்சியில் அதன் பங்கு இன்னும் ஆராய்ச்சியில்தான்.

இந்தப் பாடம் முழுவதையும் ஒரு துண்டு மீன் நடத்திக் காட்டிவிடும். அதற்கு மீண்டும் ஹட் பே போக வேண்டும்.

லிட்டில் அந்தமான் தீவின் வாசல் ஹட் பே. கப்பலைப் பொறுத்து ஐந்து முதல் எட்டு மணி நேரப் பயணம். ஓங்கே பழங்குடியினரின் தீவு அது. பின்னர் கிழக்கு வங்க அகதிகள், நிகோபாரிகள், பிழைப்பு தேடி வந்த பலர் என்று குடியேறினார்கள். 2004 டிசம்பர் 26-ல் சுனாமி அதன் கடைத்தெருவைத் துடைத்துப் போட்டது. மறுபடி எழுந்த ஊரின் சாப்பாட்டில் முதலிடம் மீனுக்குத்தான். அந்தமான் நிகோபார் தீவுகளைச் சுற்றி இந்தியாவுக்கு உரிய கடல் சுமார் 6 லட்சம் சதுர கிலோமீட்டர். நாட்டின் தனிப் பொருளாதாரக் கடல் மண்டலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அதில் ஓடும் பெரிய செல்வம் சூரை மீன்.

சூரை, கானாங்கெளுத்தி, மத்தி, நெத்திலி போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். மீன் உயிரோடு இருக்கும்வரை அதனால் தொல்லை இல்லை. செத்த மீனை ஐஸ் இல்லாமல் வெயிலில் போட்டால், செவுளிலும் குடலிலும் இருக்கும் பாக்டீரியாக்கள் சதைக்குப் பரவி ஹிஸ்டிடினை ஹிஸ்டமைனாக மாற்றுகின்றன. 4 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இந்த வேலை ஏறக்குறைய நின்றுவிடும். தீவுகளில் சாதாரணமான 30 டிகிரி வெப்பத்தில் சில மணி நேரமே போதும்.

இதில் மூன்று விஷயங்கள் ஏமாற்றும். முதலாவது, மீன் நாற வேண்டும் என்பதில்லை. பார்வைக்கும் மூக்குக்கும் நல்ல மீனாகவே தோன்றலாம். இரண்டாவது, உருவான ஹிஸ்டமைன் எதற்கும் அசைந்து கொடுக்காது. குழம்பில் கொதிக்க வைத்தாலும் எண்ணெயில் பொரித்தாலும் உறைய வைத்தாலும் டப்பாவில் அடைத்தாலும் அது அங்கேயே இருக்கும். மூன்றாவது, ஒரே மீனில் எல்லாத் துண்டிலும் அது சமமாக இருப்பதில்லை. அதனால்தான் பந்தியில் ஒருவருக்கு வருகிறது. பக்கத்து இலைக்காரர் கை கழுவிவிட்டு வெற்றிலை போடுகிறார்.

சாப்பிட்ட சில நிமிடங்களில் அல்லது ஓரிரு மணி நேரத்தில் ஆரம்பிக்கும். வாயில் மிளகு கடித்தது போன்ற காரம். முகமும் கழுத்தும் சிவந்து எரியும். தலைவலி, படபடப்பு, தோலில் அரிப்பு. பிறகு வயிற்றைப் பிசையும் வலி, வாந்தி, பேதி. குடல் தசையின் எச்1 பூட்டுகள் ஒரே நேரத்தில் திறக்கப்பட்டதன் விளைவே அந்தப் பிசைவு. குடலுக்குள் நீரும் உப்பும் கொட்டுவதால் பேதி. டேலின் பரிசோதனை கண்ணாடிக் குடுவையில் இல்லாமல் மனித வயிற்றில் நடக்கிறது. எச்1-ஐ அடைக்கும் மாத்திரை கொடுத்தால் பெரும்பாலோருக்குச் சீக்கிரமே அடங்கும். மருந்தே இல்லாமலும் ஒரு நாளுக்குள் தீர்ந்துவிடுவதே வழக்கம்.

இதில் உயிரை விடப் பெரிதாகப் பறிபோவது நல்ல பெயர். மீனின் நல்ல பெயர். "உங்களுக்கு மீன் ஒத்துக்கொள்ளாது" என்று ஒரு தீர்ப்பு வந்துவிடுகிறது. அதன்பின் அந்த மனிதர் ஆயுள் முழுக்க மீனைத் தொடுவதில்லை. தீவில் வாழும் குடும்பத்துக்கு இது சின்ன நஷ்டமா? மலிவாகக் கிடைக்கும் புரதமே அதுதான். உண்மையான மீன் அலர்ஜியில் உடம்பு எதிர்ப்பது மீனின் புரதத்தை. அவருக்கு அந்த மீனின் புதிய துண்டும் ஆகாது. இங்கேயோ குற்றவாளி மீன் அல்ல. ஐஸ் இல்லாமல் போன சில மணி நேரம். முன்பு பல முறை அதே மீனைச் சாப்பிட்டு ஒன்றும் ஆகவில்லையா, கூடச் சாப்பிட்ட வேறு யாருக்காவது வந்ததா என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டால் பாதி குழப்பம் தீரும். சந்தேகம் இருந்தால் சோதித்துச் சொல்ல வேண்டியவர் மருத்துவர்.

இந்தக் கதையில் மிக முக்கியமான பாடம் நம் பக்கத்து நாட்டிலிருந்து வந்தது. 1970-களில் இலங்கையில் சில காசநோயாளிகளுக்கு மீன் சாப்பிட்டதும் முகம் சிவந்து, தலை வலித்து, நெஞ்சு படபடத்தது. வீட்டில் மற்றவர்களுக்கோ ஒன்றும் இல்லை. மருந்துதான் ஒத்துக்கொள்ளவில்லை என்று எண்ணுவது இயல்பு. டாக்டர் சி.ஜி. உரகொடவும் எஸ்.ஆர். கோட்டேகொடவும் விடையை 1977-ல் வெளியிட்டார்கள். நாம் சாப்பிடும் உணவில் கொஞ்சம் ஹிஸ்டமைன் எப்போதும் இருக்கும். அதை உடைத்துப் போட நம் குடலில் ஒரு நொதி காவலிருக்கிறது. காசநோய்க்குக் கொடுக்கும் ஐசோனியாசிட் அந்தக் காவலரைக் கட்டிப்போடுகிறது. மற்றவர்கள் சாதாரணமாகச் செரித்துவிடும் அளவே இந்த நோயாளிகளுக்கு விஷமாகிறது.

இந்தியாவில் ஐசோனியாசிட் சாப்பிடுவோர் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். கடலோரத்தில் அவர்களுக்கு நல்ல சத்து மீனில்தான் கிடைக்கும். ஆகவே மீனை நிறுத்தச் சொல்வது வைத்தியம் ஆகாது. சூரை போன்ற மீன்களைத் தவிர்த்து, அன்று பிடித்து ஐஸில் வைத்த வேறு மீன்களைச் சாப்பிடலாம் என்று சொல்ல வேண்டும். அதைவிட முக்கியமாக, முகம் சிவந்தது என்று பயந்து மாத்திரையைத் தானாக நிறுத்திவிடக் கூடாது. பாதியில் நின்ற காசநோய் சிகிச்சை என்ன செய்யும் என்பதை எந்த ஊர் சுகாதார ஊழியரும் சொல்வார். ஒரு துண்டு மீனின் பழி மருந்தின் மேல் விழுந்தால் அதற்கு விலை நோயாளியின் நுரையீரல்.

நம் ஊர்களில் வயிற்றுத் தொல்லை எதுவானாலும் இரண்டே பெயர்கள்: "கேஸ்", அல்லது "அலர்ஜி". முதலாவதற்கு அமில மாத்திரை, இரண்டாவதற்கு அவில். டாக்டரைப் பார்க்கக் கப்பல் ஏற வேண்டிய ஊரில் இந்தப் பழக்கம் இன்னும் வேரூன்றுவதில் ஆச்சரியமில்லை. ஆனால் பூட்டு எது என்று தெரியாமல் அடைப்பதால் வரும் சிக்கல்கள் உண்டு. அமில மாத்திரை கப்பல் வாந்தியை நிறுத்தாது. தூக்கம் அதிகம் வராத புதிய அலர்ஜி மாத்திரையான செட்ரிசின் தோல் அரிப்புக்கு நல்லது. ஆனால் மூளைக்குள் அதிகம் நுழையாததால் கப்பலில் உதவாது. பழைய மாத்திரைகள் உதவுகின்றன. அவை மூளையின் எச்1-ஐ அடைப்பதோடு அசிட்டைல்கோலினையும் தடுக்கின்றன. அதற்கான விலைதான் தூக்கக் கலக்கம், வாய் உலர்தல், மலச்சிக்கல். கண் அழுத்த நோய் உள்ளவர்களும், புராஸ்டேட் வீக்கத்தால் சிறுநீர் கழிக்கச் சிரமப்படும் முதியவர்களும் டாக்டரைக் கேட்காமல் அவற்றைத் தொடக் கூடாது. மாத்திரை போட்டுக்கொண்டு இறங்கியவுடன் ஸ்கூட்டர் ஓட்டுவதும் கூடாது.

அடிக்கடி வயிறு வலித்து, மலம் போவதும் ஒழுங்கில்லாமல் அவதிப்படுகிறவர்களுக்கும் இந்த ஆராய்ச்சியில் ஒரு நம்பிக்கை உண்டு. சோதனைகளில் ஒன்றும் தெரியாததால் "எல்லாம் மனசுதான்" என்று திருப்பி அனுப்பப்படுகிறவர்கள் இவர்கள். குடல் சுவரில் கசியும் ஹிஸ்டமைன், எச்1 வழியாக வலி நரம்புகளைக் கூசச் செய்கிறது என்று பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் காட்டினார்கள். எபாஸ்டின் என்ற அலர்ஜி மருந்து சிலருக்கு வலியைக் குறைத்தது. எல்லோருக்கும் அல்ல, அற்புதமும் அல்ல. ஆனால் வலி கற்பனை இல்லை என்று ஒரு நோயாளியிடம் சொல்ல முடிவதே சிகிச்சையின் முதல் படி.

மூச்சுத் திணறல், நாக்கு அல்லது தொண்டை வீக்கம், மயக்கம் இவற்றில் ஒன்று வந்தாலும் எச்1, எச்2 என்று யோசித்துக்கொண்டிருக்க நேரமில்லை. அது கடுமையான அலர்ஜியாக இருக்கலாம். அட்ரினலின் ஊசி தேவைப்படும். உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

மற்றபடி, தற்காப்பு மருந்துக் கடையில் இல்லை, படகில் இருக்கிறது. சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ், மீனில் ஹிஸ்டமைன் கிலோவுக்கு 200 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது. ஏற்றுமதியாகும் சூரைக்கு ஆய்வுக்கூடச் சோதனை உண்டு. உள்ளூர்க் கடைத்தெருவுக்கு வரும் சூரைக்கு அது ஏது? அங்கே சோதனை, விற்பவரின் பெட்டியில் ஐஸ் இருக்கிறதா என்று பார்ப்பதுதான். பிடித்த உடனே ஐஸ், கரை வரும்வரை ஐஸ், விற்கும்வரை ஐஸ். வாங்கியபின் அடுப்பு ஏறும்வரை குளிர்.

ஹிஸ்டமைனின் நான்கு பூட்டுகளைக் கண்டுபிடிக்க விஞ்ஞானிகளுக்குத் தொண்ணூறு ஆண்டுகள் ஆயின. அவற்றை வீணாகத் திறக்காமல் காக்க, மீனவர் படகில் ஒரு பெட்டி ஐஸ் போதும். அடுத்த முறை கப்பல் ஏறுகிறவர்கள் மாத்திரையை மட்டும் மறக்காமல் முன்கூட்டியே போட்டுக்கொள்ளட்டும்.